மருந்தாளுநர் ஆக மூன்று வழிகள்: எது யாருக்கு?

மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. முடக்குவாதத்துக்கு மருத்துவர்கள் அதிகம் எழுதித் தருவது. அந்த நோய்க்கு இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் சீட்டில் இருக்கும். இரண்டுமே பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். ஒன்றும் சொல்லாமல் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டால், வாரத்துக்கு ஒன்று என்பதை வீட்டிலுள்ள பெரியவர் தினமும் ஒன்றாகச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார். சில நாட்களில் வாயெல்லாம் புண்ணாகும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது குறையும். உயிரே போகலாம். பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கும் பிழை இது. மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருப்பார், கம்பெனியும் சரியாகத்தான் தயாரித்திருக்கும். மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர், "திங்கட்கிழமை மட்டும்தாம்மா, மத்த நாள் தொடவே கூடாது" என்று சொல்லி, கவரிலும் எழுதிக் கொடுத்தாரா என்பதுதான் கேள்வி.

மருந்து நோயாளியின் கைக்குப் போகும்முன் அதைக் கடைசியாகப் பார்க்கிறவர் மருந்தாளுநர். அவருக்குப் பின்னால் சரிபார்க்க வேறு யாரும் இல்லை. இந்தப் பொறுப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிளஸ் டூ முடிவு வந்ததும் பெற்றோர் கேட்பது வேறு. "டி.ஃபார்ம் போடலாமா, பி.ஃபார்ம் போடலாமா? ஆறு வருஷம் படிச்சா பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாமாமே?" கேள்வியை மறுமுனையிலிருந்து தொடங்கினால் விடை சுலபமாகக் கிடைக்கும். உங்கள் பிள்ளை எங்கே நின்று வேலை செய்ய விரும்புகிறார்? மருந்துக்கடையிலா, தொழிற்சாலையிலும் பரிசோதனைக் கூடத்திலுமா, மருத்துவமனை வார்டிலா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் படிப்பு ஏறக்குறைய முடிவாகிவிடும்.

டி.ஃபார்ம், பி.ஃபார்ம், ஆறு வருட ஃபார்ம்.டி மூன்றுக்கும் பொதுவானவை சில உண்டு. பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். உயிரியலோ கணிதமோ ஒன்று இருந்தால் போதும். நீட் தேர்வு தேவையில்லை. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, எதைப் படித்தாலும் மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்த பிறகே மருந்தாளுநராக வேலை பார்க்க முடியும். இரண்டு வருடம் படித்தவரும் ஆறு வருடம் படித்தவரும் பதிவு செய்வது ஒரே பதிவேட்டில்தான். மருந்துக்கடை நடத்த இருவருக்கும் ஒரே உரிமை. கடை வைப்பது மட்டுமே நோக்கம் என்றால் ஆறு வருடம் தேவையே இல்லை.

டி.ஃபார்ம்: கடைக்கும் அரசு மருந்தகத்துக்கும்

இரண்டு வருடப் படிப்பு. முடித்ததும் குறைந்தது மூன்று மாதங்களில் 500 மணி நேரம் மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ பயிற்சி. அவ்வளவுதான். இருபது வயதில் கையில் தொழில் வந்துவிடும். குடும்பத்துக்குச் சீக்கிரம் வருமானம் வேண்டும் என்கிறவர்களுக்கும், சொந்தமாகக் கடை வைக்க நினைப்பவர்களுக்கும், அரசு வேலைக்குக் குறி வைப்பவர்களுக்கும் இதுவே ஏற்ற படிப்பு. ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை மருந்தாளுநர் பணியிடங்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. அதற்கு டிப்ளமோ தகுதியே போதும். அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாயில் தொடங்குகிறது. தனியார் கடையில் புதிதாகச் சேருகிறவருக்குக் கிடைப்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. அதனால் போட்டியும் கடுமை. அறிவிப்பு ஆண்டுதோறும் வராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சொந்தக் கடை வைக்கிறவர்களுக்கு அண்மையில் ஒரு புது வாய்ப்பு வந்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. குறைந்த விலையில் பொதுப்பெயர் மருந்து விற்கும் இந்தக் கடைகளை நடத்த, கூட்டுறவுச் சங்கங்களோடு பி.ஃபார்ம், டி.ஃபார்ம் படித்த தனிநபர்களுக்கும் இடம் கொடுத்து, 3 லட்சம் ரூபாய் மானியமும் அறிவித்தார்கள். மருந்துக்கடை என்பது வியாபாரம்தான். ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து வாங்குகிற குடும்பத்துக்கு, எந்த மாத்திரையைப் பொதுப்பெயரில் வாங்கலாம் என்று விளக்கிச் சொல்லத் தெரிந்தவர் நடத்தும்போது அதே கடை ஊருக்கு ஒரு சுகாதார நிலையம்போல ஆகிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சான்றிதழை வாடகைக்கு விடுவது. படித்தவர் எங்கோ வேறு வேலையில் இருப்பார். அவர் பெயரும் பதிவெண்ணும் போட்ட சான்றிதழ் கடைச் சுவரில் தொங்கும். மாதம் ஒரு தொகை அவர் கணக்குக்குப் போகும். மருந்து எடுத்துக் கொடுப்பது பத்தாம் வகுப்பு முடித்த ஒரு தம்பி. "சும்மா கிடக்கிற சர்டிபிகேட்தானே" என்று உறவுக்காரர்களே யோசனை சொல்வார்கள். சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடிக் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். மீறினால் பதிவே பறிபோகலாம். சட்டத்தை விடுங்கள். தொடக்கத்தில் சொன்ன அந்த மஞ்சள் மாத்திரை இப்படிப்பட்ட கடையில்தான் தவறாகக் கை மாறும். ஷெட்யூல் எச்1 என்ற பட்டியலில் வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்துகள் இருக்கின்றன. இவற்றை விற்கும்போது நோயாளி பெயர், மருத்துவர் பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். சான்றிதழ் மட்டும் இருந்து ஆள் இல்லாத கடையில் அதை யார் எழுதுவார்? வாடகைக்கு விடும் எண்ணத்தோடு இந்தப் படிப்பில் சேருவதாக இருந்தால் தயவுசெய்து சேர வேண்டாம்.

டி.ஃபார்ம் மாணவர்களுக்கு இன்னொரு தகவல்: படிப்பு முடித்த பிறகு எழுத வேண்டிய தகுதித் தேர்வு ஒன்றுக்கான விதிகளை இந்திய பார்மசி கவுன்சில் 2022-இல் கொண்டுவந்தது. சேரும் ஆண்டில் அது எப்படிப் பொருந்துகிறது என்பதைக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.ஃபார்ம்: மருந்து பிறக்கும் இடத்துக்கு

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பது தெரிந்தது. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் நச்சு அது. 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே நச்சு கலந்த மருந்தால்தான். சிரப்பில் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலோ கிளிசரினோ வந்திறங்கியதும், ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் மாதிரி எடுத்து இந்த நச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, "இந்தச் சரக்கு உள்ளே போகக் கூடாது" என்று கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். முதலாளி அவசரப்படுத்தினாலும் போடும் கையெழுத்து அது.

பி.ஃபார்ம் படிப்பை நான் யாருக்காவது பரிந்துரைக்கிறேன் என்றால் இந்த வேலையை மனதில் வைத்துத்தான். நான்கு வருடம், எட்டு செமஸ்டர். வேதியியல் பிடிக்காதவர்களுக்கு இது பெரும் சுமை. கரிம வேதியியல், மருந்து வேதியியல், பகுப்பாய்வு என்று விடாமல் துரத்தும். பிடித்தவர்களுக்கு வழிகள் பல. உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, தர உறுதி, பிற நாடுகளில் மருந்தைப் பதிவு செய்யும் ஆவணப் பணி, மருந்தின் பக்கவிளைவுகளைத் தொகுக்கும் பணி எல்லாம் உண்டு. ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையிலும் புதுச்சேரியிலும் வேலை இருக்கிறது. நிறைய இடங்கள் வேண்டுமென்றால் ஹைதராபாத்துக்கோ பெங்களூருக்கோ போகத் தயாராக இருக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் உண்டு. தரக் கட்டுப்பாட்டுக் கூடத்தில் உங்களோடு போட்டி போடுபவர் மூன்று வருடத்தில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர் என்பதையும் தெரிந்துகொண்டு உள்ளே வாருங்கள். ஆரம்பச் சம்பளம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்து ஆய்வாளர் பதவி பி.ஃபார்ம் படித்தவருக்குத் திறந்திருக்கிறது. டிப்ளமோவுக்குத் திறக்காது. மருந்துக்கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய் ஆய்வு செய்து, மாதிரி எடுத்து, தவறு செய்தவர்மீது வழக்குப் போடும் அதிகாரம் உள்ள பதவி அது. தமிழ்நாட்டில் இதற்குத் தேர்வு நடத்துவது டி.என்.பி.எஸ்.சி. ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் ஜிபேட் தேர்வு எழுதி எம்.ஃபார்ம் போகலாம். மொஹாலி முதலான ஊர்களில் இருக்கும் நைபர் எனப்படும் தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைக் குறி வைப்பது நல்லது. கல்லூரி ஆசிரியராகவும் எம்.ஃபார்ம் வேண்டும்.

சென்னையில் மருந்தியல் பட்டதாரிகள் பலர், மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் நிறுவனங்களில் இருக்கிறார்கள். நாணயமான வேலை, சம்பளமும் வரும். ஆனால் அதற்கு வேறு அறிவியல் பட்டமும் போதும். இதுதான் இலக்கு என்றால் நான்கு வருட மருந்து வேதியியலை ஏன் படிக்க வேண்டும் என்று வீட்டில் ஒருமுறை பேசிவிடுங்கள்.

ஃபார்ம்.டி: வார்டுக்குள்

இந்தியாவில் 2008-இல் தொடங்கிய படிப்பு. ஐந்து வருடப் பாடம், ஆறாவது வருடம் மருத்துவமனைப் பயிற்சி. அதில் ஆறு மாதம் பொது மருத்துவத்திலும், மீதி ஆறு மாதம் வேறு மூன்று துறைகளில் தலா இரண்டு மாதமும். ஒரு கல்லூரிக்கு 30 இடம் என்று தொடங்கிய சிறிய வகுப்பு.

இவர்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சிறுநீரகம் பாதி வேலை செய்யும் ஒருவருக்கு ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறது. அளவைக் குறைக்க வேண்டுமா என்று கணக்குப் போட்டு மருத்துவரிடம் சொல்வது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு எலும்பு மருத்துவர் வலி மாத்திரை எழுதிவிட்டால் ரத்தக்கசிவு ஆபத்தைச் சுட்டிக்காட்டுவது. டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியின் பழைய சீட்டுகளையும் புதுச் சீட்டையும் அருகருகே வைத்து, ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் இருப்பதைக் கண்டுபிடிப்பது. ஆஸ்துமா குழந்தையின் அம்மாவுக்கு இன்ஹேலர் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, அவரையே செய்துகாட்டச் சொல்வது. பக்கவிளைவு தெரிந்தால் 2010 முதல் நடக்கும் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கை அனுப்புவது. இவை ஒவ்வொன்றும் உயிர் காக்கும் வேலை. மருத்துவருக்கு இதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை.

ஆனால் வாய்ப்பு எங்கே என்று கேட்டால் நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். மருந்தகப் பணி விதிகளில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் என்ற பதவிக்கு 2021-இல் இடம் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரில் நம் அரசு மருத்துவமனைகளில் பணியிடங்கள் வந்தபாடில்லை. தரச் சான்று பெற்ற பெரிய தனியார் மருத்துவமனைகள் ஆள் எடுக்கின்றன, ஒவ்வொன்றிலும் சிலரை. அரசு இதை மாற்ற வேண்டும் என்பது என் ஆசை, கோரிக்கையும்கூட. ஆனால் ஆறு வருடக் கட்டணத்தைக் கோரிக்கையை நம்பிக் கட்ட முடியாது.

அமெரிக்கா போகும் திட்டம் இருந்தால் நிலைமை வேறு. வெளிநாட்டில் படித்த மருந்தாளுநர் அங்கே உரிமத்துக்கான முதல் படியில் ஏறவே, 2003-க்குப் பிறகு படித்தவர் என்றால், குறைந்தது ஐந்து வருடப் பாடத்திட்டம் வேண்டும். நம் நான்கு வருட பி.ஃபார்ம் அங்கே செல்லாது, ஃபார்ம்.டி செல்லும். கனடா, வளைகுடா நாடுகளுக்கு பி.ஃபார்ம் வைத்தே முயலலாம். வளைகுடாவில் பெரும்பாலும் அனுபவமும் தேர்வும் கேட்பார்கள்.

நீட்டில் இடம் கிடைக்காத வருத்தத்தில் இங்கே வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஃபார்ம்.டி முடித்தவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுத முடியாது. எம்.பி.பி.எஸ்ஸின் குறுக்கு வழி என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் மூன்றாம் வருடத்திலேயே மனம் உடைந்துவிடுகிறார்கள். மருந்துமீது ஆர்வம் கொண்டு வந்தவர்கள் அதே வகுப்பில் மலர்கிறார்கள். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்வதற்காக மட்டும் பணம் கட்டாதீர்கள்.

முடிவெடுக்க முடியவில்லையா?

முடியாதவர்களுக்கு ஏறிச் செல்லும் வழி இருக்கிறது. டி.ஃபார்ம் முடித்தவர் பி.ஃபார்ம் இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். மொத்தம் ஐந்து வருடம். நேராகப் போவதைவிட ஒரு வருடம்தான் அதிகம், நடுவில் சம்பாதிக்கவும் முடியும். பண நெருக்கடி உள்ள வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பி.ஃபார்ம் முடித்தபின் வார்டு வேலையில் ஆசை வந்தால் மூன்று வருட ஃபார்ம்.டி உண்டு, மொத்தம் ஏழு வருடம். டி.ஃபார்மிலிருந்து ஃபார்ம்.டி போனால் முதல் வருடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதால் அது வீண்.

கல்லூரியைப் பொறுத்தவரை, சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருந்தியல் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கட்டணம் மிகக் குறைவு, பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை. தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டுவதற்கு முன் இந்திய பார்மசி கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பு எத்தனை வருடம் படித்தாலும் பதிவு கிடையாது. "கல்லூரிக்கு வராமலே பாஸ் பண்ணிவிடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஃபார்ம்.டி என்றால் இணைந்திருக்கும் மருத்துவமனையைக் கேட்டறியுங்கள். குறைந்தது 300 படுக்கை இருக்க வேண்டும். அந்த மருத்துவமனைக்கே நேரில் போய், ஐந்தாம், ஆறாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, "ரவுண்ட்ஸில் டாக்டர்கள் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்களா, நீங்கள் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்களா?" என்று கேளுங்கள். டி.ஃபார்ம் என்றால் அந்த 500 மணி நேரப் பயிற்சிக்கு எந்த மருந்தகத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கே உண்மையிலேயே நிற்க வைக்கிறார்களா, கையெழுத்து மட்டும் வாங்கித் தருகிறார்களா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள்.