சிறு படகுக்கு ஃபிஷ் ஃபைண்டர் வாங்கும் முன்

ஃபைபர் படகோ வள்ளமோ வைத்துத் தொழில் செய்பவர் ஃபிஷ் ஃபைண்டர் எனப்படும் எக்கோ சவுண்டர் கேட்டுக் கடைக்குப் போனால், முதலில் அவர் முன் வைக்கப்படுவது திரைதான். ஏழு அங்குலம், ஒன்பது அங்குலம், பளிச்சென்ற நிறங்கள். ஒலியைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வாங்குவது தண்ணீருக்குள் கிடக்கும் டிரான்ஸ்டியூசர். அது வாங்கித் தராத எதையும் திரை காட்டாது. அதனால் கையிலிருக்கும் பணத்தில் முதல் பங்கு டிரான்ஸ்டியூசருக்கும் அதைப் பொருத்தும் வேலைக்கும் போகட்டும். மிச்சத்துக்கு எத்தனை அங்குலத் திரை வருகிறதோ அது போதும்.

கடைக்குப் போகும் முன், நீங்கள் வழக்கமாகத் தொழில் பார்க்கும் இடங்களின் ஆழத்தைப் பாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 15 மீட்டருக்குள், அதாவது எட்டுப் பாகத்துக்குள் அடங்கிவிடும். கடலூர், நாகைப் பக்கம் இருபது, முப்பது பாகம் வரை போகிறவர்கள் உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் ஆழக்கடல் தூண்டிலுக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு.

அதிர்வெண்ணை முடிவு செய்வது இந்த ஆழம்தான். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி குறுகலாக இறங்கும், நுணுக்கமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் அகலமாக விரியும், ஆழத்துக்குப் போகும், நுணுக்கம் குறையும். 20 பாகை விரிவுள்ள ஒலிக்கற்றை 30 மீட்டர் ஆழத்தில் தரையில் சுமார் 10 மீட்டர் வட்டத்தைப் பார்க்கும். 45 பாகை விரிவென்றால் அந்த வட்டம் சுமார் 25 மீட்டர். மீன் அந்த வட்டத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கருவி சொல்லாது. தூண்டில்காரருக்குப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் மீனால் என்ன பயன்? முப்பது பாகத்துக்குள் தொழில் என்றால் 200 போதும். நூறு மீட்டரைத் தாண்டுவீர்கள் என்றால் மட்டும் இரண்டு அதிர்வெண்ணும் உள்ளதை வாங்குங்கள். ஒரே சுருதியில் ஒலிக்காமல் ஒரு வீச்சில் பல அதிர்வெண்களை அனுப்பும் 'சர்ப்' வகை கிடைத்தால் நல்லது. தரையை ஒட்டி நிற்கும் களவாவையும் விளமீனையும் தரையிலிருந்து பிரித்துக் காட்டுவதில் அது கெட்டி. பக்கவாட்டில் படம் காட்டும் வசதிக்கு விலை கூட. ஆழம் குறைந்த இடத்தில் அது அழகாகத் தெரியும். ஆழம் கூடக் கூட, உப்புத் தண்ணீர் அந்த உயர் அதிர்வெண் ஒலியை விழுங்கிவிடும். எங்கள் கடலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாட் கணக்கில் கவனம் வேண்டும். அட்டைப்பெட்டியில் 4000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அது பெரும்பாலும் 'பீக் டு பீக்' கணக்கு. அதை எட்டால் வகுத்தால் வருவதே உண்மையான 'ஆர்எம்எஸ்' வாட்: 500. கரையோரத் தொழிலுக்கு 300 முதல் 500 வரை தாராளம்.

இனிப் பொருத்துவது. கருவியைக் குறை சொல்லும் பலருக்கும் கோளாறு இங்கேதான் இருக்கிறது. அலையடிக்கும் கரையில் மணலில் ஏற்றும் படகின் பின்பலகையில் டிரான்ஸ்டியூசரைத் திருகி வைத்தால், டிராக்டர் இழுக்கும் முதல் நாளே அது உடைந்துபோகலாம். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, படகின் உட்பக்கத் தரையில் எபாக்ஸி பசையால் ஒட்டுவது. அடித்தளம் முழுக்க ஃபைபராக இருந்தால்தான் இது வேலை செய்யும். நடுவில் ஃபோமோ பிளைவுட்டோ இருந்தால் ஒலி வெளியே போகாது. மர வள்ளத்துக்கும் ஆகாது. ஒட்டும் முன் சோதித்துவிடுங்கள். படகு கடலில் மிதக்கும்போது உள்ளே நாலு விரல் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதில் அழுத்திப் பிடித்து ஆழத்தைப் பாருங்கள். வெளியே தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்த ஆழத்தோடு அது ஒத்துப்போனால் அந்த இடத்தில் ஒட்டலாம். பசைக்குள் காற்றுக்குமிழ் சிக்கவே கூடாது. உள்ளே ஒட்டினால் தண்ணீரின் வெப்பநிலை சரியாகத் தெரியாது, எதிரொலியும் கொஞ்சம் குறையும். எல்லா டிரான்ஸ்டியூசரும் இதற்கு ஒத்துவராது என்பதால் கடையில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இன்னொரு வழி, ஒரு குழாயின் முனையில் டிரான்ஸ்டியூசரை மாட்டி, படகின் பக்கவாட்டில் கிளாம்ப் போட்டு இறக்குவது. ஓடும்போதும் கரையேறும்போதும் மேலே தூக்கிக்கொள்ளலாம். குழாய் ஆடக்கூடாது, புரொபெல்லர் கிளப்பும் நுரையிலிருந்து விலகி, படகின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மர வள்ளத்துக்கும், கரையேற்றும் எந்தப் படகுக்கும் என் தேர்வு இதுதான்.

கயிறு இழுத்துக் கிளப்பும் இன்ஜினில் பெரும்பாலும் பேட்டரிக்கு வழியில்லை என்பதால் 12 வோல்ட் பேட்டரி தனியாக வேண்டும். கருவி 0.8 ஆம்பியர் எடுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 6.4 ஆம்பியர்-மணி ஆகும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆகவே அதன் இரு மடங்கான 12.8 ஆம்பியர்-மணிக்குக் குறையாததாக வாங்குங்கள். பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ் கட்டாயம்.

திரையைக் கடைக்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து உச்சி வெயிலில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து அங்குலம் போதும். ஈரக்கைக்குத் தொடுதிரையைவிட பட்டன் நல்லது. ஐபிஎக்ஸ்7 தரக்குறியீடு இருக்க வேண்டும். ஜிபிஎஸ் சேர்ந்ததாகவே வாங்குங்கள். மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அறிவிக்கும் மீன்வளப் பகுதிக்குப் போகவும், கடலடிப் பாறைத்திட்டான பாரைக் கண்டால் குறித்துவைக்கவும் அது தேவை. ஒரே மாடல் டிரான்ஸ்டியூசரோடும் இல்லாமலும் விற்கிறது, பெட்டியைத் திறந்து பாருங்கள். பில்லில் இந்திய வாரண்டி எழுதியிருக்கட்டும். மானியம் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

கடலில் முதல் நாள், தெரிந்த பாருக்கு மேல் படகை மெதுவாக விட்டு, ஈயக்குண்டு இறக்கி ஆழத்தை ஒப்பிடுங்கள். மீன் படம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். நுரையையும் பாசியையும்கூட அது மீனாக வரைந்துவிடும். ஆழ அளவை இரு மடங்குக்கு மேல் வைத்துத் தரைக்கோட்டைப் பாருங்கள். பார் என்றால் கோடு தடித்துப் பளிச்சென்று வரும், இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு கோடும் விழும். சேறு என்றால் மங்கலாக, மெலிந்து வரும், இரண்டாவது கோடு விழாது. வலை சிக்கிக் கிழியாமல் காப்பாற்ற இந்த வித்தியாசம் ஒன்றே போதும். எதிரொலியின் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. வஞ்சிரத்துக்கும் சுறாவுக்கும் திருக்கைக்கும் அது கிடையாது என்பதால் அவை மங்கலாகத்தான் தெரியும். அங்கே அவற்றின் இரையான மீன்கூட்டத்தைத் தேடுங்கள்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குறித்துவைத்த புள்ளிகளை மெமரி கார்டில் படியெடுத்து வீட்டில் வையுங்கள். கருவியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்பும் விற்கும் முன்பும் அந்தப் புள்ளிகளை மறக்காமல் அழித்துவிடுங்கள்.