டியூப்லைட்டில் ஒன்று, வெயிலில் வேறு

எட்டாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடத்தியபோது ஒரு மாணவர் எழுந்தார். அவருடைய அப்பா ஓமலூரில் ஒரு டிங்கரிங் பட்டறையில் பெயிண்டர். அடிபட்ட சிவப்புக் காரின் ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருக்கிறார். இரவு டியூப்லைட்டில் பொருந்திய நிறம், காலை வெயிலில் தனியாகத் தெரிந்ததாம். வண்டிக்காரர் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி நானும் பார்த்தேன் சார், ஒரே கலருதான்" என்றார் மாணவர்.

அவர் பார்த்தது பொய்யில்லை. வேறுவேறு நிறமிகளைக் கலந்த இரு பெயிண்டுகள் ஓர் ஒளியில் நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். ஒளி மாறினால் பிரிந்துவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். டியூப்லைட் ஒளி சில அலைநீளங்களில் மட்டும் குவிந்திருக்கும். சூரிய ஒளியிலோ எல்லா நிறங்களும் தொடர்ச்சியாக உண்டு. சேலைக்கு ரவிக்கைத் துணி எடுப்பவர்கள் கடை வாசலுக்கு வந்து பார்ப்பது இதனால்தான். பாடநூல் விளக்கத்தைவிட இந்த ஓர் எடுத்துக்காட்டு வகுப்பில் நன்றாகவே எடுபட்டது.

இன்னொரு சிக்கல், பழைய பெயிண்ட் பழையதாக இருப்பது. வண்டியில் ஒட்டியிருக்கும் கலர் கோடு, தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிறத்தைச் சொல்லும். சேலத்து வெயிலில் பல ஆண்டு நின்ற நிறம் அதற்குத் தெரியாது. புறஊதாக் கதிர்கள் நிறமியைச் சிதைக்கின்றன. சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். ஆகவே அனுபவமுள்ள பெயிண்டர் பழைய பரப்பைப் பாலிஷ் செய்து, கலவையை ஓர் அட்டையில் அடித்து, காயவிட்டு, பகலில் ஒப்பிடுவார். காய்ந்தால் நிறம் மாறுமே! பிறகும் கதவோடு நிறுத்தாமல் பக்கத்துப் பகுதிமீதும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கிக் கொண்டுபோவார். கூர்மையான எல்லை இருந்தால் சிறு வேறுபாட்டையும் கண் பிடித்துவிடும். எல்லை கரைந்தால் தவறவிடும்.

வகுப்பில் சிவப்பு வண்ணத்தாளைப் பாதி மூடி, இரண்டு வாரம் வெயிலில் வைத்தோம். வெளுத்த பாதிக்குப் பொருத்தமாகப் போஸ்டர் வண்ணம் கலக்க வேண்டும். எல்லாக் குழுவும் முதலில் வெள்ளையைத்தான் ஊற்றியது, பொருந்தவில்லை. துளி மஞ்சள் சேர்க்கச் சொன்னவர் அந்த மாணவர். அன்று அவர்தான் நடுவர். ஒவ்வோர் அட்டையையும் அறைக்குள் ஒருமுறை, வராந்தாவில் ஒருமுறை பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

செய்து பார்க்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு செய்திகள். சிவப்பு, பச்சை பிரித்தறிய இயலாத பிள்ளைகள் இருக்கலாம். ஆண் பிள்ளைகளிடம் இது கூடுதல். அவர்களுக்குக் குறிப்பெடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். பட்டறைப் பெயிண்டும் தின்னரும் வகுப்பறைக்குள் வேண்டாம், அந்த ஆவி கெடுதல்.