பலவாதல் வேறு, பரவுதல் வேறு

புற்று நோய் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் நெஞ்சம் நடுங்குகிறது. ஒருவர் முகத்தில் அத்தகைய புண் ஒன்றன்று, நாலைந்து தோன்றிவிட்டால், "ஐயோ, உடலெங்கும் பரவிவிட்டதே!" என்று கலங்குகிறோம். இக்கலக்கம் எப்போதும் சரியானதா? பார்ப்போம்.

நம் மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் ஓயாது பெருகிப் புதிய தோலை உண்டாக்குகின்றன. அவ்வகைச் செல்கள் கட்டுமீறிப் பெருகுவதே அடிச்செல் புற்று. அயர்லாந்தில், டப்ளின் நகர மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் 1827-ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினார். இப்புண் மெல்ல அரிக்கும், வேதனை குறைவு, அருகில் நெறி கட்டுவதில்லை, வெட்டி அகற்றுவதே வழி என அவர் கண்டார்.

அங்ஙனமாயின் ஒருவருக்கே பல புண்கள் வருவதேன்? வெயிலில் இற்றுப்போன கூரை, மழை பெய்தால் பத்து இடங்களில் ஒழுகுகிறது. ஓர் ஒழுக்கு மற்றொன்றைப் பெற்றெடுக்கவில்லை, கூரையே பழுது. அதுபோலப் பல்லாண்டுகள் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் தாக்கிய தோலில் ஒவ்வொரு புண்ணும் தனித்தனியே முளைக்கிறது. தோலைக் காக்கும் மெலனின் என்னும் நிறப்பொருள் குறைந்த வெண்ணிற மக்களுக்கே இது மிகுதி. அத்தகையோர் பெருவாரியாக வாழும் ஆஸ்திரேலியாவில், சட்டை அணிக, களிம்பு பூசுக, தொப்பி தரிக்க என்று 1981-ல் பெரும் பிரசாரமே தொடங்கினர்.

வெயில் மட்டுமன்று, பிறவிக் குறையும் காரணமாகலாம். கார்லின், கோல்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இருவர் 1960-ல் விவரித்த பரம்பரை நோயில், சிலருக்கு நூற்றுக்கணக்கான புற்றுகள் தோன்றுகின்றன. அவையும் பரவியவை அல்ல, தனித்தனியே தோன்றியவையே.

பரவுதல் என்பது யாது? ஒரு புண்ணின் செல்கள் இரத்தம் அல்லது நிணநீர் வழியே சென்று நுரையீரல், எலும்பு போன்ற இடங்களில் குடியேறுவதாகும். அடிச்செல் புற்றில் இது நூற்றில் ஒருவருக்குங்கூட நேர்வதில்லை. நேர்ந்தாலும், பெரும்பாலும் பல்லாண்டு கவனியாது விட்ட பெரும் புண்களிலேயே. அந்நிலைக்கும் 2012-ல் அமெரிக்காவில் விஸ்மோடெகிப் என்ற மாத்திரை அனுமதி பெற்றது.

அப்படியானால் அசட்டையாக இருக்கலாமா? கூடாது. பரவாவிட்டாலும் இப்புண் மூக்கையும் கண் இமையையும் அரித்துவிடும். ஒருமுறை வந்தவருக்கு வேறோரிடத்தில் புதிதாகத் தோன்றவும் கூடும். ஆதலால் மருத்துவர் குறித்த நாளில் தவறாது தோலைக் காட்டிவர வேண்டும்.

எனவே, மாணவியரே, வீட்டில் முதியோர் எவருக்கேனும் பல வாரங்களாக ஆறாத புண்ணோ, முத்துப்போல் மினுங்கி அடிக்கடி இரத்தம் கசியும் பருவோ இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டாம், காலதாமதத்திற்கே அஞ்சுவோம்.