இடி இடித்தால் முட்டை கூழாகுமா?

கேள்வி: கோழி குஞ்சு பொரிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினோம். சித்திரையில் எங்கள் ஊர்க்கோழி அடைக்குக் கிடந்தது. இரண்டு கிழமையாகக் குசினியில் சேர்த்து வைத்திருந்த பன்னிரண்டு முட்டைகளை, கடகத்தில் வைக்கோல் பரப்பி அடை வைத்தோம். இடிக்குக் காவலாக மாமி ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போட்டுவிட்டார். எட்டாம் நாள் இரவு ரோச் அடித்துப் பார்த்தபோது சில முட்டைகளில் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. சிலவற்றில் சிவப்பு வளையம் மட்டும். அடுத்த கிழமை பெரிய இடிமுழக்கம். கடைசியில் பொரித்தது மூன்றுதான், மற்றதெல்லாம் கூழ். ஆணி சிறிதாகப் போய்விட்டது என்கிறார் மாமி. இடியால்தான் முட்டை பழுதாகிறதா?
- ஒரு வாசகி, இணுவில்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ரோச் அடித்துப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். இடியை விடுதலை செய்வதற்கான சாட்சியம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

முட்டைக்குள் முளையம், அதாவது குஞ்சாக வளரப்போகும் கரு, முதல் சில நாள்களிலேயே இரத்தக் குழாய்களைப் பரப்பிவிடும். நீங்கள் கண்ட நரம்புகள் அவைதான். அந்தக் கட்டத்தில் முளையம் இறந்துபோனால் இரத்தம் குழாய்களை விட்டு விலகி ஓரத்தில் வளையமாகத் தேங்கும். நீங்கள் வளையத்தைக் கண்டது எட்டாம் நாள். இடி இடித்தது அதற்கடுத்த கிழமை. இடி வருமுன்பே அந்த முட்டைகளின் கதை முடிந்துவிட்டது. ஆணியின் நீளத்தைப் பற்றி நீங்களும் மாமியும் இனி வாதாட வேண்டியதில்லை.

இன்னொன்று. சத்தம் முட்டையைக் கெடுக்குமென்றால், தவில் மேதை தட்சணாமூர்த்தி பிறந்த இணுவிலில் கோயில் திருவிழாக் காலத்தில் ஒரு குஞ்சுகூடப் பொரிக்க முடியாது. குஞ்சு பொரிக்கும் பண்ணைகளிலும் இயந்திர விசிறிகள் இரவு பகலாக இரைந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆனாலும் மாமி கவனித்தது பொய்யல்ல. யாழ்ப்பாணத்தில் இடி அதிகம் கேட்பது பங்குனி, சித்திரைப் பின்னேரங்களிலும், மாரி தொடங்கும் ஐப்பசியிலும். இவற்றில் முதலாவது ஆண்டின் கடும் வெக்கைக் காலம். அந்த மாதங்களில் அடை வைத்தால் கூழ்முட்டை அதிகம் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள், அப்போது பெரிதாகச் சத்தம் போட்ட ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தமே போடாத வெக்கை தப்பிவிட்டது.

வெக்கை எப்படிக் கெடுக்கிறது? கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 பாகை செல்சியசு. முட்டை உருவாகி வெளியே வர ஒரு நாளளவு ஆகும். அந்த நேரத்திலேயே கரு பிளந்து பிளந்து பல்லாயிரம் கலங்களாகிவிடும். ஆகவே நீங்கள் கூட்டிலிருந்து எடுக்கும் முட்டை, வளர்ச்சி ஏற்கெனவே தொடங்கிவிட்ட முட்டை. இட்டபின் சூடு தணிந்தால் வளர்ச்சி நின்று கரு உறங்கும். முழுதாக நிற்பதற்கு வேண்டிய வெப்பநிலைக்கு உடற்றொழிலியல் பூச்சியம் என்று பெயர்: அதற்குக் கீழே கரு வளராது, அவ்வளவுதான். 1902இல் அமெரிக்காவில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் இதை 20, 21 பாகை என்று கணித்தார். பின்வந்தவர்களில் சிலர் 27 வரை கொண்டுபோனார்கள். குஞ்சு ஒழுங்காக வளர ஏறக்குறைய 37.5 பாகை வேண்டும்.

இடைப்பட்ட வெப்பந்தான் வில்லங்கம். அதில் கரு உறங்குவதுமில்லை, ஒழுங்காக வளர்வதுமில்லை. ஒரு பகுதி முந்த, மற்றது பிந்த, நாளுக்கு நாள் நலிந்துபோகும். சித்திரையில் நம் ஊர்ப் பகல் 32, 33 பாகையைத் தொடும். இரவிலும் பெரும்பாலும் 27க்குக் கீழே இறங்காது. போதாததற்கு உங்கள் முட்டைகள் இருந்தது குசினியில். கோழி ஏறிப் படுக்குமுன்பே இரண்டு கிழமை வரை அவை அரைகுறையாக அடைபட்டிருக்கின்றன. பொரித்த மூன்றும் கடைசியாக இட்ட முட்டைகளாகத்தான் இருக்கும். ஓட்டில் பென்சிலால் திகதி எழுதியிருந்தால் பந்தயமே கட்டியிருப்பேன்.

எல்லாப் பழியும் வெக்கைக்கே உரியதென்றும் சொல்லமாட்டேன். ரோச் வெளிச்சத்தில் நரம்பும் வளையமும் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தவை இருந்தால், அவை பெரும்பாலும் சேவல் சேராத வெறும் முட்டைகள். சேவல் ஒருமுறை சேர்ந்தால் பத்துநாள் அளவுக்குக் கருக்கட்டிய முட்டை கிடைக்கும் என்பதால், வேலி பாயும் அயல்வீட்டுச் சேவலே போதும். கடையில் விற்கும் பண்ணை முட்டையோ சேவலையே காணாத கோழி இட்டது. அதை எத்தனை நாள் அடை வைத்தாலும் பொரிக்காது.

அடுத்த முறை தை, மாசியில் வையுங்கள். இரவுக் குளிர் உங்களுக்கு உதவும். முட்டையைக் கூட்டில் விட்டுவைக்காமல் இட்ட அன்றே எடுத்து, திகதி எழுதி, கூர்முனை கீழாக வையுங்கள். ஈரமணலில் பாதி புதைத்த மண்பானை நல்ல இடம். நீர் ஆவியாகும்போது உள்ளே சில பாகை தணியும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், அது மிதமிஞ்சிய குளிர். ஒரு கிழமைக்கு மேற்பட்ட முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

கோழி இருக்கும்போது, மின்குமிழ்ச் சூட்டில் பொரிக்கவைக்கும் பெட்டியைத் தேட வேண்டாம். 1990இல் போரால் மின்சாரம் நின்று யாழ்ப்பாணக் குடாநாடு இருளில் கிடந்த ஆண்டுகளிலும் அடைக்கோழிகள் குறையில்லாமல் பொரித்தன. பெட்டியென்றால் முட்டைகளை நாளுக்கு மூன்று தரமாவது பிரட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாளோடு பிரட்டுவதை நிறுத்தி, தண்ணீர்த் தட்டு வைத்து ஈரப்பதனைக் கூட்ட வேண்டும். இடியோடு மின்சாரம் போனால் அப்போது மட்டும் மாமி சொன்னது சரியாகிவிடும். கோழிக்கு இவையெல்லாம் தெரியும். அது இரைக்காகச் சிறிது நேரம் இறங்கிப் போவதைக் கண்டு பதற வேண்டாம். முட்டை சிறிது குளிர்வதைத் தாங்கும், மிகுந்த சூட்டைத்தான் தாங்காது.

குஞ்சு வர 21 நாள். எல்லா முட்டையையும் ஒரே வெள்ளி மாலையில் வைத்தால், மூன்று கிழமை கழித்துப் பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமையில் பிள்ளைகள் ஆறுதலாகப் பார்க்கலாம். ஓடு உடைவதற்கு முந்திய நாள் முட்டையைக் காதருகே பிடித்தால் உள்ளே கீச்சிடுவது கேட்கும். பருமுனையில் உள்ள காற்றறையை, அதாவது ஓட்டின் உட்புறமுள்ள இரண்டு சவ்வுகளுக்கும் இடையிலுள்ள காற்று இடைவெளியை, குஞ்சு எட்டிவிட்டது என்று அதற்குப் பொருள். முதற்கீறலிலிருந்து முழுதாக வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். ஓட்டை உரித்து உதவப் பிள்ளைகள் துடிப்பார்கள், விடாதீர்கள். மிச்சமுள்ள மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளவும் இரத்தக் குழாய்கள் வற்றவும் அந்த நேரம் குஞ்சுக்கு வேண்டும். அந்த மஞ்சட்கருவே இரண்டு நாளுக்கு உணவு, ஆகவே பொரித்தவுடன் இரை போடவில்லையே என்ற கவலையும் வேண்டாம். குஞ்சைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் செய்யுங்கள்.

பொரிப்பவற்றில் ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் இருக்கும். பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர் வைக்குமுன்பே அவற்றை என்ன செய்வதென்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிடுங்கள்.