உதகமண்டலம்: அழகுக்கு அப்பால் ஒரு வரலாற்றுப் பாடம்

‘மலைகளின் அரசி’ எனப் புகழப்படும் உதகமண்டலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் குளிரையும் பூக்களையும் ஏரியையுமே எழுதுவர். ஊட்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்நகரைக் கடந்த விடுமுறையில் குடும்பத்தாருடன் சென்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உயர்தர வகுப்பில் வரலாறு கற்கும் மாணவி என்ற வகையில் என் மனதில் பதிந்தது வேறொன்று. யார் வந்தார்கள், யார் நிலம் இழந்தார்கள், யார் பெயர்க்கப்பட்டார்கள் என்பதே இந்நகரின் கதை. அதில் ஓர் அத்தியாயம் எமது மலையகத்தில் தொடங்குகிறது.

மண்ணின் மக்கள்

நீலகிரி மலையின் மேற்பரப்பில் நெடுங்காலமாக எருமை மேய்த்து வாழ்ந்தவர்கள் தோடர்கள். அவர்களது மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரைவட்டக் கூரையுடைய குடிசைகள் கொண்ட அவர்களின் குடியிருப்பு ‘மந்து’ எனப்படும். நகரின் பெயரிலேயே அச்சொல் ஒளிந்திருக்கிறது. பிற்காலத்தில் நகரும் தோட்டங்களும் யூக்கலிப்டஸ் காடுகளும் பரவியபோது அவர்களின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. இன்று பயணிகள் தோடர்களின் சிவப்பு, கறுப்புப் பூவேலைச் சால்வைகளை வாங்கிச் செல்கின்றனர். அவர்கள் இழந்த புல்வெளியைப் பற்றிக் கேட்போர் குறைவு.

ஆங்கிலேயர் வருகை

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜோன் சலிவன் 1819 இல் இம்மலைக்கு வந்தார். அவர் கட்டிய கல் வீடு இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. பின்னர் இந்நகர் சென்னை மாகாண அரசின் கோடைகாலத் தலைநகராயிற்று. 1848 இல் தாவரவியல் பூங்கா உருவானது. இதே 1840களில்தான் எமது நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் குடியேறினார். இரு நகரங்களும் ஒரே ஆட்சியாளரின் ஒரே தேவையில் வளர்ந்தவை எனலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலைப் புகையிரதப் பாதை 1899 இல் குன்னூர் வரையும் 1908 இல் ஊட்டி வரையும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 46 கிலோமீற்றர் நீளமான இப்பாதையின் செங்குத்தான பகுதியில், தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்களை இயந்திரத்தின் பற்சக்கரம் பற்றிக்கொள்ள, இயந்திரம் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. 2005 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக ஏற்றது.

எமது மலையகத்தின் மக்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் உம்மாவின் பேச்சைக் கேட்டதும் ஒரு மூதாட்டி எழுந்து வந்தார். “சிலோனா? நான் பொறந்தது பதுளைப் பக்கம்” என்றார். பதினாறு வயதில் கப்பலேறியவர். “தெமோதரைச் சுற்று வழியா கோச்சி இன்னமும் ஓடுதா?” என்பதே அவரது முதல் கேள்வி. பிறகு சொன்னார்: “அங்க எங்கள இந்தியாக்காரவங்கன்னாங்க. இங்க சிலோன்காரவங்கங்கிறாங்க.”

அந்த இரு வரிகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் நிலையை ஆராய்ந்து, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவுசெய்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியாவைக் கண்டிராத பேரப்பிள்ளைகளும் தலைமன்னாரில் கப்பலேறினர். அவர்களுக்கு வேலை வழங்கவே தமிழ்நாடு அரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தை ஆரம்பித்தது. அதுவே பின்னர் ‘டான்டீ’ எனும் அரச நிறுவனமாயிற்று. அவர்கள் கற்றிருந்த கொழுந்து பறிக்கும் தொழிலே புதிய மண்ணிலும் சோறு போட்டது.

இந்தப் பிரிவு எமது சமூகத்துக்கும் அந்நியமானதன்று. மலையக நகரொன்றில் சில்லறைக் கடை வைத்திருந்த எமது குடும்பத்தின் கொப்பியில் தோட்டத்து மக்களின் கடன்கள் எழுதப்பட்டிருந்தன. ஒரு சதமும் மிச்சம் வைக்காமல் தீர்த்துவிட்டே அவர்கள் புறப்பட்டதாக உம்மும்மா சொல்வார். அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை ‘அழுகைக் கோச்சி’ என்றே சனங்கள் அழைத்தார்களாம்.

நாம் கற்க வேண்டியது

தோழியரே, பரீட்சைத் தாளில் ஒப்பந்தத்தின் ஆண்டையும் எண்ணிக்கையையும் எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் அந்த எண்களுக்குள் இருந்தவர்கள் அயலவர்களையும் பிறந்த ஊரையும் விட்டுச் சென்றவர்கள். அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று முதுமையடைந்து வருகின்றனர். எமது வீடுகளிலும் அயலிலும் உள்ள அத்தகைய முதியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியிலேனும் எழுதி வைப்போம். பாடநூலில் இடம் பெறாத பக்கங்களை எழுதும் பொறுப்பு எம்முடையது.