வைசூரி ஒழிந்த விதமும் நமது கடமையும்

சங்கத்தில் ஓர் அங்கத்தினர் தவணை தவறினால், அவர் பொருட்டு ஜாமீன் நின்றவரும் பொறுப்பாளியாகிறார் என்பதை யாவரும் அறிவர். தொற்றுநோய் விஷயத்திலும் அவ்வாறே. ஒரு வீட்டார் அசட்டையாயிருப்பின் தெரு முழுவதும் அதன் பலனை அனுபவிக்க நேரிடும்.

வைசூரியை எடுத்துக்கொள்வோம். அந்நோய் கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேர் மாண்டனர். பிழைத்தோரிலும் சிலர் கண்ணிழந்தனர். 1796-இல் இங்கிலாந்தில் ஜென்னர் என்னும் வைத்தியர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை எட்டு வயதுச் சிறுவனுக்குக் குத்தி, பின்னர் அவனை வைசூரி பற்றாமையைக் கண்டார். 1802-இல் இம்முறை பம்பாய்க்கு வந்தது. கிண்டியில் 1899-இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் கன்றுகளைக் கொண்டு அம்மைப்பால் தயாரித்தது.

ஆயினும் நோய் எளிதில் ஒழியவில்லை. அம்மைப்பால் கோடை வெப்பத்தில் வீரியமிழந்தது. அன்றியும், அம்மன் கோபிப்பாள் என்றஞ்சிப் பலர் குழந்தைகளை ஒளித்தனர். 1962-இல் தேசீய ஒழிப்புத் திட்டம் தொடங்கிய பின்னரும், 1974-இல் பீகாரில் வைசூரி பெருங்கொள்ளையாய்ப் பரவியது. அக்காலத்தில் வெப்பத்தைத் தாங்கும் உலர்ந்த மருந்து கிடைத்திருந்தது. ஊழியர்கள் வீடுவீடாய்த் தேடினர்; நோயாளியைத் தனியே வைத்துக் காவலிட்டனர்; சுற்றிலும் வசித்தோர் அனைவருக்கும் அம்மை குத்தினர்; நோயைப்பற்றிச் செய்தி அறிவித்தவருக்கு வெகுமதியளித்தனர். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் வைசூரி முடிவுற்றது. உலகெங்கும் ஒழிந்ததென்று 1980-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

எல்லா நோய்களும் தடுப்பு மருந்தினாலேயே குறைந்தன என்று கூறலாகாது. காலரா குறைந்ததற்குச் சுத்தமான குடிநீரே பெருங்காரணம். ஆனால் வைசூரியை ஒழித்தது அம்மை குத்தலும், அதற்கு ஜனங்கள் அளித்த ஒத்துழைப்புமே.

இன்று வைசூரிக்காகக் குழந்தைகளுக்கு அம்மை குத்த வேண்டுவதில்லை. தட்டம்மையோ இன்னும் நீங்கவில்லை. காப்பில்லாத இடத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதனைக் கொடுக்கக்கூடும். நூற்றுக்கு 95 பேராவது இரண்டு தவணை ஊசி பெற்றிருந்தாலன்றி அது பரவுவதைத் தடுத்தல் அரிது. ஊசிக்குரிய வயதை அடையாத சிசுவுக்கு, சுற்றியுள்ளோர் பெற்ற ஊசியே ஜாமீன்.

முதல் தவணை 9 மாதம் நிறைந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் போடப்படுகின்றன. ஆகவே அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் தத்தம் வீட்டுக் குழந்தைகளின் ஜாபிதா ஒன்று தயாரித்து, இரண்டாம் தவணை தவறியவர் எவரெனப் பார்ப்பார்களாக. காலங்கடந்ததென்று விட்டுவிடாமல், அக்குழந்தைகளை உடனே சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வது சங்கத்தாரின் கடமையாகும்.