மரக் கட்டடம் தீயைத் தாங்குமா?

கேள்வி: ஊர்ப் பொதுக் கட்டடங்களை மரத்தில் கட்டுவது நல்லது என்கிறார்களே, தீப்பிடித்தால் என்ன கதி?

பதில்: நியாயமான பயம்தான். ஆனால் விறகுக் குச்சி எரிவதுபோல் பருத்த உத்தரம் எரியாது. மேற்பரப்பு கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குச் சூடு ஏறுவதைத் தடுக்கும். நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் கருகும். அந்தக் கணக்கைச் சேர்த்தே உத்தரத்தின் பருமனைக் கூட்டுகிறார்கள்.

இப்படி மரத்தில் கட்டிய பொதுக் கட்டடத்துக்கு ஓர் உதாரணம்: சுவீடனின் ஷெலெஃப்டியோ நகரில் 2021இல் திறந்த சாரா கலாச்சார மையம் 20 மாடி. நூலகம், நாடக அரங்கு, ஓட்டல் எல்லாம் அதற்குள். வட்டாரக் காட்டு மரத்தைப் பலகைகளாக அறுத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பாளங்களே ஓட்டல் அறைகளுக்குச் சுவர்.

எனக்குத் தீயைவிட ஈரம்தான் பெரிய கவலை: கூரை ஒழுகினால் மரம் இற்றுப்போகும். இன்னொன்று, வெட்டிய இடத்தில் மறுபடி நடாத காட்டின் மரமென்றால், வேண்டவே வேண்டாம்.